நிபோங் திபால் பக்கம் ஒரு சிறு நூலகம் நடத்துகிறோம்: தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்

"எங்க தாமான் குடியிருப்புல ஒரு நூலகம் தொடங்கலாம்னு இருக்கோம், எத்தனை புத்தகம் இருந்தா போதும்?" என்று அவ்வப்போது யாராவது கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சில சமயம் இடைநிலைப்பள்ளியின் எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்போடு இருக்கும் பிள்ளைகள். எல்லாருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். புத்தகக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். உங்கள் ஊரில் யாருக்கு எந்த நேரத்தில் ஓய்வு கிடைக்கிறது, எந்த வேலையை முடித்துக்கொள்ள யாரைத் தேடி அலைகிறார்கள், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். எங்கள் நூலகம் நிற்பதே அதன் மேல்தான்.

எங்கள் இடம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். உரிமையாளர் குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கிறார், நடத்துவது தொண்டூழியர்கள். பினாங்கு என்றால் வெளியூர்க்காரர்கள் தீவை மட்டும்தான் நினைப்பார்கள். நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிறோம். ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம், பிறகு ரப்பர், பிறகு செம்பனை. தோட்டங்கள் போய் தாமான்கள் வந்தன, பத்து காவான் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. மாநிலப் பொது நூலகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில் இருக்கிறது, தீவின் கிரீன்லேனில் 2016-இல் திறந்த டிஜிட்டல் நூலகம் இருக்கிறது, இரண்டும் நல்ல இடங்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடங்கள். ஆனால் மகன் வேலைக்குப் போன பிறகு வீட்டில் வண்டி இல்லாமல் இருக்கும் ஒரு பாட்டிக்கு அவை வெளியூர் மாதிரிதான்.

திறக்கும் நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு. காலை ஒன்பது முதல் ஐந்து என்று அலுவலக நேரத்தில் திறந்தால் யாருக்காகத் திறக்கிறோம்? தொழிற்சாலையில் ஏழுக்கு ஏழு ஷிப்ட் பார்ப்பவர்கள் இரவு ஏழரைக்குத்தான் ஊருக்குள் வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளி முடிந்து சாப்பிட்டு, சமய வகுப்போ டியூஷனோ போய்விட்டு நான்கு மணிக்கு மேல் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யவந்த தம்பிகளுக்கு மத்தியான வியாபாரம் ஓய்ந்து மூன்றிலிருந்து ஐந்துவரை கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. அதனால் நாங்கள் மூன்று மணிக்குத் திறந்து ஒன்பதுக்குச் சாத்துகிறோம், திங்கள் விடுமுறை. தைப்பூசத்தன்று திறப்பதில்லை, பாதி ஊர் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருக்கும். உங்களால் வாரத்தில் மூன்று மாலைதான் முடியும் என்றால் மூன்று மாலை என்றே எழுதிப் போடுங்கள், ஆனால் அந்த மூன்றும் ஒருபோதும் தவறக்கூடாது. பஸ் பிடித்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மறுபடி வரமாட்டார், வரவில்லை என்று நம்மிடம் சொல்லவும் மாட்டார். சாவி மூன்று வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும். ஒரே ஆளிடம் சாவி இருந்தால் அவர் வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்றால் நூலகத்துக்கும் விடுமுறை.

அடுத்தது முகப்பு மேசையில் நடக்கும் வேலை. எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் முதலில் வருவது புத்தகத்துக்கு அல்ல. விண்ணப்பப் பாரம் நிரப்ப, அச்செடுக்க, கைப்பேசிக்கு வந்த ஒரு மலாய்க் குறுஞ்செய்தியைக் காட்டி "அண்ணே, இது உண்மையா?" என்று கேட்க வருகிறார்கள். எஸ்.டி.ஆர். என்கிற அரசாங்க உதவித்தொகை, இ.பி.எஃப். சேமநிதிக் கணக்கு, சொக்சோ தொழிலாளர் காப்புறுதி, பிள்ளைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம், பி.டி.பி.டி.என். கல்விக் கடன், எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. 2024 ஜனவரியிலிருந்து மார்ச் கடைசிவரை பாடு என்கிற அரசாங்கத் தரவுத்தளப் பதிவு நடந்தபோது எங்கள் வாசலில் நாற்காலி போதவில்லை. பள்ளிகள் மூடிக்கிடந்த கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு காலத்தில் ஆசிரியர்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய பயிற்சித்தாள்களை அச்செடுக்க ஊரில் இடமில்லை, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. எங்கள் தொண்டூழியர் ஒருவர் தன் வீட்டு அச்சு இயந்திரத்தில் எடுத்து வாசல் கேட்டில் மாட்டி வைத்தார், பெற்றோர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வந்த குடும்பங்கள் இன்றைக்கும் வருகின்றன.

"இதெல்லாம் நூலக வேலையா, இதற்கு வேறு இடம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நூலக வேலைதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எந்தப் பாரம், எந்தப் பக்கம், என்ன ஆவணம் என்று தெரியாமல் ஒரு அம்மா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதை, சரியான தகவலைச் சரியான நேரத்தில் கொடுத்து நிறுத்துவதுதான் நூலகர் காலம் காலமாகச் செய்துவரும் காரியம்.

ஆனால் இதில் ஒழுங்கு வேண்டும், கடுமையான ஒழுங்கு. எங்கள் தொண்டூழியர்கள் யாரும் வந்தவருடைய கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யக்கூடாது, விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பி வைப்போம், நேரம் ஆனாலும் அவரே தட்டட்டும். குறுஞ்செய்தியில் வரும் டேக் என்கிற ஒருமுறை உறுதி எண்ணை யாரும் வாய்விட்டுப் படிக்கக்கூடாது. அடையாள அட்டை நகல் ஒன்றுகூட எங்களிடம் தங்காது, ஸ்கேன் செய்த கோப்பை அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவோம். கணினித் திரை சுவர்ப்பக்கம் பார்த்து இருக்கிறது, வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. வருமானம் எவ்வளவு, கணவர் எங்கே என்பதையெல்லாம் உரக்கக் கேட்பதில்லை, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்வோம், அந்தச் சீட்டையும் அவரே கொண்டு போய்விடுவார். சின்ன ஊர் இது. முகப்பில் கேட்ட விஷயம் அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் அந்த அம்மா மட்டுமல்ல, அந்தத் தெருவே வராது. புதுத் தொண்டூழியர்களிடம் முதல் நாள் நான் பேசுவது இதைத்தான், புத்தக அடுக்கெல்லாம் இரண்டாவது நாள்.

புலனத்தில் வரும் போலி எஸ்.டி.ஆர். இணைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "உங்கள் பணம் காத்திருக்கிறது, இங்கே அழுத்தவும்" என்று வரும். நாங்கள் அப்படி வந்தவற்றை அச்செடுத்து, எங்கே பார்த்தால் பொய் என்று தெரியும் என்பதைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, முகப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறோம். அரசாங்கத் தளம் என்றால் முகவரியின் பெயர்ப்பகுதி ஜிஓவி, புள்ளி, எம்ஒய் என்று முடிய வேண்டும். இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் யாருக்கும் ஏறாது, அச்சு இயந்திரம் ஓடும்வரை நிற்கும் நேரத்தில் தானாகவே படித்துவிடுகிறார்கள்.

உறுப்பினராக அடையாள அட்டை கட்டாயம் என்று வைக்காதீர்கள். தமிழ்நாட்டுத் தம்பிகள் பலருடைய கடப்பிதழ் முதலாளி கையில் இருக்கும், அப்படி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு என்பது வேறு விஷயம். குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமைக்கு வந்துவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், ஊரில் தெரிந்த ஒருவர், இது போதும். இப்படிக் கொடுத்ததால் புத்தகம் தொலைந்து நாங்கள் நொடித்துப்போகவில்லை. உணவகத் தம்பிகள் தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவர்கள், புத்தகத்துக்கு அட்டை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்கள்.

தாமதக் கட்டணமும் வேண்டாம். பத்து காசு, இருபது காசு அபராதத்துக்குப் பயந்து, அம்மா திட்டுவார் என்று பயந்து, பிள்ளைகள் புத்தகத்தையும் கொண்டு வராமல் தாங்களும் வராமல் இருந்துவிடுவார்கள். புலனத்தில் ஒரு நினைவூட்டல், கதவில் புத்தகம் போட ஒரு துவாரம், அவ்வளவுதான்.

இன்னொரு சின்னச் செலவு, ஆனால் இதை எல்லா நூலகமும் செய்ய வேண்டும் என்பேன். முகப்பில் ஒரு டப்பா நிறைய வாசிப்புக் கண்ணாடி. 1.5, 2.0, 2.5, 3.0 என்று பவர் எண் ஒட்டி வைத்திருக்கிறோம், மலிவு விலைக் கடையில் வாங்கியவை. "எனக்குப் படிப்பு வராதுப்பா" என்று சொல்லிக்கொண்டு பேத்தியோடு வந்து ஓரமாக உட்கார்ந்த ஒரு பாட்டி, 2.5 போட்டுப் பார்த்துவிட்டு தினசரியில் மரண அறிவித்தல் பக்கத்தை மடமடவென்று படித்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவராம். கண் தெரியாததை எழுத்துத் தெரியாததாக எல்லாருமே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவர் உட்பட. அதன் பிறகு பெரிய எழுத்தில் அச்சான புத்தகங்களைத் தேடித்தேடி ஒரு தட்டு முழுக்கச் சேர்த்தோம்.

அச்சுக்காகக் காத்திருக்கும் நாற்காலிக்கு எட்டும் தூரத்தில் என்ன புத்தகம் இருக்கிறது என்பதை நாங்கள் வாராவாரம் மாற்றுகிறோம். அங்கே கனமான புத்தகம் வைப்பதில்லை. சமையல், கைவைத்தியம், மெலிந்த துப்பறியும் நாவல், இங்குள்ளவர்கள் எழுதிய சிறுகதைத் தொகுப்பு, பிள்ளைகளுக்குப் படக்கதை, எல்லாம் முதுகு தெரியாமல் அட்டை முகம் தெரிகிற மாதிரி. பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். தமிழ்ப்பள்ளி முடித்து மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பல பிள்ளைகள் தமிழ் வாசிப்பதை விட்டுவிடுகிறார்கள், அந்த வயதில் அவர்களைப் பிடிக்க நீதிக்கதை போதாது. மலாய் காமிக்ஸ் வாங்கி வையுங்கள், ஆங்கிலக் கதைகளும் வையுங்கள். அதற்காக வருகிற பையன் பக்கத்துத் தட்டில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்தையும் ஒருநாள் எடுப்பான், வராத பையன் எதையும் எடுக்கமாட்டான். மலாய், சீனப் பிள்ளைகளும் இப்படித்தான் எங்களிடம் வர ஆரம்பித்தார்கள், இப்போது வீட்டுப்பாட மேசையில் எல்லாரும் கலந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது நன்கொடைப் புத்தகங்கள். நூலகம் தொடங்கப் போகிறோம் என்று வாய் திறந்த மறுவாரமே பெட்டி பெட்டியாக வரும். வீடு மாறுகிறவர்கள், தாத்தா அறையைக் காலி செய்கிறவர்கள். நல்ல மனதோடுதான் தருகிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் பழைய பயிற்சி நூல்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் எடுத்துவிட்டார்கள், அதற்கான மாதிரி வினாத்தாள் கட்டுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் வாசலில் வைத்துவிட்டுப் போக அனுமதிப்பதில்லை, முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்வோம், எங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை என்ன செய்வது என்பது எங்கள் முடிவு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவோம். பக்திப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட யாருக்கும் மனம் வராது, எங்களுக்கும் வராது. கூடுதலாக வரும் தேவாரத் திரட்டுகளையும் ராமாயணங்களையும் கோயில் மண்டபத்தில் ஒரு தட்டு வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறோம், அவை வேகமாகவே தீர்ந்துவிடுகின்றன. புதிய மலாய், ஆங்கிலப் புத்தகங்களுக்கு நன்கொடையை நம்ப வேண்டாம். பிஞ்சாமான் புக்கால் என்று ஒரு சேவை இருக்கிறது, நூலகங்கள் மொத்தமாகப் புத்தகங்களை இரவல் கொடுத்துப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும். உங்கள் மாநில நூலகத்திலும் கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் உள்ள தேசிய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

அட்டவணை போடும்போது, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூவி எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழ் நூலகத்துக்குச் சரிப்படாது. தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811-க்குள் போய் உட்கார்ந்துவிடும், முக்கால்வாசி அலமாரிக்கு ஒரே எண். நாங்கள் நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை என்று பிரித்து, மலேசிய நூல்களுக்குத் தனித் தட்டும் சிவப்பு ஒட்டியும் வைத்திருக்கிறோம். கணினியில் சிலிம்ஸ் என்ற இந்தோனேசிய மென்பொருள், இலவசம், மொழி மலாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் பழக்குவது எளிது, தமிழ் யூனிகோடு ஒழுங்காக வேலை செய்கிறது. தலைப்பைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் இரண்டு தடவை பதியுங்கள், பிள்ளைகள் ரோமனில்தான் தேடுகிறார்கள். ஆசிரியர் பெயரில் தலைப்பெழுத்தை முன்னால் போட்டால் ஒரே ஆள் நான்கு இடத்தில் சிதறிவிடுவார், சொந்தப் பெயரை முதலில் போட்டு எழுத்தைப் பின்னால் தள்ளுங்கள்.

ஈரம்தான் நம் ஊரில் புத்தகத்தின் பெரிய எதிரி. இரும்பு அலமாரி, சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து முக்கால் அடியாவது உயரத்தில். குளிர்சாதனத்தைப் பகலில் போட்டு இரவில் அணைத்தால் காகிதம் வியர்க்கும், அதைவிட நாள் முழுக்க ஒரு மின்விசிறி ஓடுவது மேல். ராமபாணப் பூச்சி விழுந்த புத்தகத்தை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல் ஒருநாள் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தாளில் இறங்கும். கிழிந்ததற்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது, சில வருடத்தில் மஞ்சள் கறைதான் மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலைக்கு இப்போது வருகிறேன். 2017 நவம்பர் வெள்ளம் தீவிலும் பெருநிலத்திலும் புகுந்தபோது, தண்ணீர் வடிந்த மறுநாள் குப்பைத்தொட்டிப் பக்கம் நனைந்த ஆல்பங்கள் கிடந்ததைப் பார்த்தேன். கல்யாணப் படங்கள், தோட்டப் பள்ளி வகுப்புப் படங்கள், சங்க அட்டைகள். நனைந்த காகிதத்தில் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும், அதற்குள் தாளுக்குத் தாள் உறிஞ்சுதாள் வைத்து விசிறியில் காயப்போட்டிருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம், சொல்ல ஆளில்லை. இப்போது எங்கள் நூலகத்தில் ஊர் ஆவணத் தட்டு என்று ஒன்று இருக்கிறது. கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், காற்பந்துக் குழுவின் நோட்டீஸ், தோட்டத்துத் தொழிலாளர் பெயரும் சம்பளமும் பதிந்த செக்ரோல் தாள், தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டை, நான்கு தலைமுறைப் பெயர் அச்சான கல்யாணப் பத்திரிகை. சென்னையில் அச்சான நாவல் வேறு எங்காவது கிடைக்கும். ஒரு சிறு தோட்டத்துக் கோயில் சில நூறு பிரதி போட்ட மலர் நாம் வைக்காவிட்டால் எங்கேயும் இருக்காது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் அச்சு நூல்களைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும், ஆனால் கோயில் மலர் போடுகிறவர்களுக்கு அது தெரிவதே இல்லை. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதை இருநூறாண்டு விழாவாகக் கொண்டாடிய மாநிலம் இது, நம் பக்கத்துத் தோட்டப் பள்ளி எந்த வருடம் மூடியது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறோம்.

படம் கொண்டு வருபவரிடம் அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போதே 300 டிபிஐ துல்லியத்துக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து கையில் திருப்பிக் கொடுங்கள், ஒரு அச்சுப் பிரதியும் கூடவே கொடுங்கள். அந்தப் பிரதியை மேசையில் வைத்து, முகத்துக்கு முகம் எண் போட்டு, யார் யார் என்று கேட்டு எழுத வேண்டும். இதைத் தள்ளிப் போடவே கூடாது, எண்பது வயதுக்காரர்களின் நினைவை நம்பி நடக்கிற வேலை இது. எஸ்.டி.ஆர். பாரத்துக்கு வந்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் படங்களைக் கொண்டு வருகிறார்கள். பாரம் நிரப்பும்போது பிறந்த இடம் என்று வரும், தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள், "பாட்டி, அந்தத் தோட்டத்துப் படம் ஏதாவது இருக்கா?" என்று நாங்கள் கேட்போம். வேறு அறிவிப்பு எதுவும் நாங்கள் செய்ததில்லை. குடும்ப வரலாறு தேடி வரும் இளையவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தையும் காட்டுகிறோம், தமிழ் முரசு பழைய இதழ்கள் அங்கே உண்டு. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது, அதன் பழைய இதழ் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும், கத்தரித்த துண்டாக இருந்தாலும், எங்களுக்கு வேண்டும்.

பணம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சங்கப் பதிவிலாகாவில் பதிந்து வங்கிக் கணக்கு வைத்திருந்தால் மானியம் கேட்கலாம், அது வரும், சில வருடம் வராது. வாடகைக்கும் மின்சாரத்துக்கும் மாதச் சந்தாதாரர்களை வைத்துக்கொள்ளுங்கள், பத்து வெள்ளி (ரிங்கிட்), இருபது வெள்ளி தருபவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள். அச்சுக்கு ஒரு பக்கம் 20 காசு வாங்குகிறோம், பள்ளிப் பாடத்துக்கு இலவசம். மாதக் கணக்கைக் கதவில் ஒட்டுங்கள், மை வாங்கியதுவரை எழுதி. எங்கள் ஊரில் இரண்டு பொது அமைப்புகள் காசுப் பேச்சால்தான் உடைந்தன, புத்தகத்தால் அல்ல.

தொண்டூழியர்களுக்கு ஆளுக்கு வாரம் ஒரு மாலைக்கு மேல் கொடுக்காதீர்கள், ஆர்வத்தில் மூன்று மாலை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், கணினியில் அவர்களுக்கு நம்மைவிட வேகம், மலாய்ப் பாரங்களும் நன்றாகப் புரியும், பாட்டிமாரும் அவர்களிடம்தான் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய், புதன் மாலை வாருங்கள், கூட்டம் குறைவு, உட்கார்ந்து பேசலாம். எங்கள் அட்டவணைப் பிரிவுகள், முகப்பு விதிகள், படங்களுக்கான பதிவுத்தாள் மூன்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுத் தருகிறோம், உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.